எந்த கம்பெனி டிஸ்க் நல்லது? ஒரு வீட்டுச் சேமிப்பின் நிகழ்வு ஆய்வு

"டேய், அந்தக் கறுப்பு டிஸ்க்கைச் சொருகினா கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போகுது" என்று அக்கா போனில் சொன்னாள். அடுத்து என்ன கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். வேறு எங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். பழைய டிஸ்க் ஒன்றில் கொஞ்சம் இருக்கும் என்றாள். எவ்வளவு என்றால் அவளுக்கும் தெரியவில்லை.

அது 4 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க், கைக்கு அடக்கமான 2.5 அங்குல வகை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. உள்ளே 3.1 டெராபைட் இருந்தது: 14 வருடப் படங்கள், பையன் தவழ்ந்த காலத்து வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், அப்பா தன் கடைசி வருடங்களில் பேசிப் பதிந்து வைத்த அறுபது சொச்சம் ஒலிக்கோப்புகள்.

மீட்டதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது, அதற்குப் பிறகு அக்கா கேட்ட ஒரு கேள்விக்காக. "அடுத்து எந்த கம்பெனி டிஸ்க் வாங்கணும், அதை மட்டும் சொல்லு, போதும்." ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

மீட்பு

டிஸ்க் என் கைக்கு வந்த அன்று நான் செய்ததைவிட, செய்யாமல் விட்டதுதான் பெரிய உதவி. சொருகியதும், டிரைவில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யலாமா என்று விண்டோஸ் கேட்டது. சரி என்று அழுத்தியிருந்தால், படிக்கத் திணறும் இடத்திலேயே டிஸ்க் போய்ப் போய் முட்டியிருக்கும். போதாக்குறைக்குக் கோப்பு அட்டவணையையும் மாற்றி எழுதியிருக்கும். கழற்றி எடுத்து, லினக்ஸ் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

முதலில் ஸ்மார்ட் விவரம். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு அது. ஓடிய நேரம் 3,912 மணி. இடம் மாற்றிய செக்டர் (தகவல் எழுதும் சின்னக் கட்டம்) 0. முடிவு தெரியாமல் காத்திருக்கும் செக்டர் 168.

இதில் நடு எண் ஆளை ஏமாற்றும். ஒரு செக்டர் கெட்டால் அதற்குப் பதிலாக ஓர் உபரி செக்டரை டிஸ்க் ஒதுக்கித் தரும். ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் அந்த இடத்தில் மறுபடி எழுதும்போதுதான் நடக்கும். படிக்க மட்டும் முயன்று முடியாமல் போனால், அடுத்த முறை எழுத வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்போர் பட்டியலில் போட்டுவைக்கும். அக்கா வீட்டில் பழைய படங்களைத் திறந்து பார்ப்பார்களே ஒழிய, அவற்றின் மேல் யாரும் எழுதுவதில்லை. ஆகவே, மாற்றிய செக்டர் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டே அந்த டிஸ்க் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது.

ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற நிரலை ஓடவிட்டேன். பழுதான டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதியெடுக்கும் நிரல் இது. இதன் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போகும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். கடைசியில்தான் கெட்ட இடங்களைத் துருவும். டிஸ்க் நடுவில் செத்துப்போனாலும் நல்ல பகுதி அதற்குள் கைக்கு வந்திருக்கும்.

இரவு பதினொன்றரைக்கு வேகம் நொடிக்கு 80 மெகாபைட்டிலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே தட்டு சுற்றும் அதிர்வு சீராகத்தான் இருந்தது. அதன் நடுவில் இரண்டு நொடிக்கு ஒருமுறை மெல்லிய ‘டிக்’. தட்டைப் படிக்கும் முனையான ரீட் ஹெட் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்து தேடுகிற சத்தம். எண் நகரவே இல்லை. பதினைந்து நிமிடம் கழித்து நிரல் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்தது, வேகம் மறுபடி 78. அன்றைக்கு அப்படி ஏழெட்டு முறை நடந்தது. எல்லா முறையும் விரல் டிஸ்க்கின் மேலேயே இருந்தது. அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை.

41 மணி நேரம் கழித்து 612 கிலோபைட் மட்டும் கடைசிவரை வரவில்லை. 3.1 டெராபைட்டில் 612 கிலோபைட். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். அது 11 கோப்புகளின் மேல் விழுந்திருந்தது. அந்தப் பழைய 1 டெராபைட் டிஸ்க்கைத் தேடி எடுத்தாள் அக்கா. பதினோரு வருடப் பழசு, ஒரு காலத்தில் ‘அந்த கம்பெனியா, வேண்டவே வேண்டாம்’ என்று நானே சொன்ன கம்பெனி. அதில் 9 கோப்புகள் முழுசாக இருந்தன. மிச்சம் இரண்டு: ஒரு பள்ளி விழா வீடியோ, அப்பாவின் ஒரு பதிவு. பதிவு ஓடுகிறது. தன் முதல் வேலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு நொடி வெட்டு.

மூன்று வாரத் தேடல்

கடைத் தளங்களில் வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளை இரண்டு நாளில் கைவிட்டேன். டிஸ்க் செத்தவர் எழுதுகிறார். ஓடிக்கொண்டிருப்பவருக்கு எழுத என்ன இருக்கிறது? வந்தபோதே வேலை செய்யவில்லை என்ற புகாரில் பாதி, பொட்டலம் கட்டிய லட்சணத்தைப் பற்றியது.

அடுத்தது கம்பெனிகளின் விவரத்தாள். அதில் கொட்டை எழுத்தில் இருப்பது எம்டிபிஎஃப், அதாவது இரண்டு பழுதுகளுக்கு நடுவிலான சராசரி நேரம். 10 லட்சம் மணி என்று போட்டிருப்பார்கள். வருடக் கணக்கில் 114 வருடம். எந்த டிஸ்க்கும் 114 வருடம் ஓடாது, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆயிரம் டிஸ்க்கை ஆயிரம் மணி நேரம் ஓட்டினால் ஒன்று பழுதாகும் என்பதே அதன் பொருள். வருடத்துக்கு 8,760 மணி. ஆக ஒரு வருடத்தில் பழுதாகும் வாய்ப்பு 0.88 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது.

இந்தக் கணக்கு நிஜத்தில் நிற்கிறதா என்று 2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வருடத்துக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போயிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கென்று விற்ற டிஸ்க்குக்கும் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண சாட்டா டிஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொட்டை எழுத்து எண்ணை அன்றோடு பார்ப்பதை விட்டேன்.

ஆனால் அதே தாளில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கின்றன, அவை உபயோகமானவை. ஒன்று வருடத்துக்கு எத்தனை மணி ஓடலாம் என்பது. மற்றது வருடத்துக்கு எத்தனை டெராபைட் எழுதிப் படிக்கலாம் என்பது. சீகேட்டின் பாரகுடா வகை வருடத்துக்கு 2,400 மணி, 55 டெராபைட் என்று கணக்கு வைத்துச் செய்யப்பட்டது. அதே கம்பெனியின் அயர்ன்வுல்ஃப் 8,760 மணி, 180 டெராபைட். பெரிய நிறுவனங்களுக்கான வகைக்கு 550 டெராபைட். ஒரே கம்பெனி, வெளியே பார்க்க ஒரே மாதிரிப் பெட்டி, உள்ளே எதிர்பார்ப்பே வேறு. பாரகுடாவை இரவு பகலாக ஓடும் நாஸ் பெட்டிக்குள் (நெட்வொர்க்கில் பலரும் பகிரும் சேமிப்புப் பெட்டி) போட்டுவிட்டு, அந்த கம்பெனி மோசம் என்று சொல்பவர்களை எனக்கு நேரில் தெரியும். நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதான்.

பிறகு வந்தது பேக்பிளேஸின் பட்டியல். இணையச் சேமிப்பு விற்கும் அந்த நிறுவனம் 2013 முதல் தன் ஒவ்வொரு டிஸ்க்கின் தினசரி நிலையையும் பொதுவில் வெளியிடுகிறது. இப்போது 3 லட்சத்துக்கும் மேல் டிஸ்க். எந்த மாடல், எத்தனை நாள் ஓடியது, எப்போது பழுதானது எல்லாம் இருக்கிறது. மொத்தக் குவியலின் வருடாந்தரப் பழுது விகிதம் 2021-இல் 1.01 சதவீதம், 2022-இல் 1.37, 2023-இல் 1.70, 2024-இல் 1.57. இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் தருவதில்லை. என் மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை இதுதான் தின்றது.

முதல் வாரம் நான் செய்த தப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு காலாண்டுப் பட்டியலை எடுத்து, பழுது விகிதப்படி வரிசைப்படுத்தி, பூஜ்யம் காட்டிய மாடலை மேலே வைத்து, அக்காவுக்கு அனுப்பப் போனேன். அனுப்பும் முன் சும்மா எண்ணிக்கைப் பத்தியைப் பார்த்தேன்.

விகிதம் எப்படி வருகிறதென்றால், டிஸ்க் எண்ணிக்கையை நாட்களால் பெருக்கி, வருடமாக்கி, பழுதை அதனால் வகுக்கிறார்கள். ஒரு மாடலில் 60 டிஸ்க் இருக்கிறது, 90 நாள் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,400 நாள், கிட்டத்தட்ட 14.8 வருடம். எதுவும் சாகவில்லை என்றால் விகிதம் 0. ஒன்றே ஒன்று செத்தால் 6.8 சதவீதம். அந்த ஒற்றை டிஸ்க் கடைசி நாள் ராத்திரி தாக்குப்பிடித்ததா இல்லையா என்பதைப் பொறுத்து, அதே மாடல் பட்டியலின் தலையிலும் நிற்கும், காலடியிலும் கிடக்கும். 1 சதவீத மாடலையும் 2 சதவீத மாடலையும் நம்பிப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் 2,000-க்கும் மேல் டிஸ்க்கை ஒரு வருடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாலு டிஸ்க் வாங்கி ஒன்று கெட்டுப்போன நண்பருக்கு, நிஜ விகிதம் 1 சதவீதமாகவும் இருக்கலாம், 80 சதவீதமாகவும் இருக்கலாம். அவர் அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து எதையும் கணக்குப் போட முடியாது, அவ்வளவுதான்.

பெரிய எண்ணிக்கையில் ஓடும் மாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, பல வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது கம்பெனிக்குக் கம்பெனி ஓடுவதைவிட மாடலுக்கு மாடல்தான் ஓடுகிறது. சீகேட்டின் 3 டெராபைட் மாடல் எஸ்டி3000டிஎம்001-ஐ பேக்பிளேஸ் 4,000-க்கும் மேல் வாங்கிப் போட்டது. 2012-இல் போட்டவற்றில், 2015 மார்ச் முடிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சவில்லை. 2016-இல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். அதே கம்பெனி அடுத்து விட்ட 4 டெராபைட் மாடல், அதே நிறுவனத்தில், பல வருடம் 3 சதவீதத்தை ஒட்டியே ஓடியது. 3 டெராபைட் கதைக்கும் ஒரு பின்னணி உண்டு. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அந்தச் சமயத்தில் பேக்பிளேஸ் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துப் பயன்படுத்தியது. அதில் டிஸ்க்கின் குற்றம் எவ்வளவு, பட்ட பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க நம்மால் ஆகாது.

கம்பெனிப் பெயர் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் பழையது. 2000-இல் ஐபிஎம் விட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி மளமளவென்று செத்தது. ஆட்கள் அதை டெத்ஸ்டார் என்றே கூப்பிட்டார்கள், அடுத்த வருடமே வழக்கு. அந்தத் தொழில் 2003-இல் ஹிட்டாச்சியிடம் போய், எச்ஜிஎஸ்டி ஆயிற்று. 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை வாங்கியது. பேக்பிளேஸ் பட்டியல் வர ஆரம்பித்தபோது வருடத்துக்கு வருடம் நல்ல பெயர் வாங்கியது யார் என்றால், இந்த எச்ஜிஎஸ்டிதான். அப்பா காலத்தில் ‘தொடாதே’ என்ற டிஸ்க், பிள்ளை காலத்தில் ‘அதையே வாங்கு’. இன்று ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா என்று மூன்றே பேர். அவர்களுக்குள் நிரந்தர நல்லவன் கெட்டவன் யாருமில்லை.

வீட்டு டிஸ்க் வேறு பிராணி

பட்டியலில் ஊறிக்கிடந்த நாட்களில் அக்காவின் செத்த டிஸ்க்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடத்தில் 3,912 மணி. நாளாக்கினால் 163 நாள். தரவு மையத்து டிஸ்க் ஒன்று ஆறு மாதத்துக்குள் கடந்துபோகும் தூரம் அது. ஆனால் அணைத்துப் போட்ட எண்ணிக்கை 2,700-க்கு மேல். தரவு மையத்தில் டிஸ்க்கைப் பெட்டியில் திருகி முடுக்கியபின் வருடக்கணக்கில் யாரும் அசைப்பதில்லை. இங்கே பைக்குள் போகிறது, மேசை விளிம்பில் கேபிளோடு தொங்குகிறது, ‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதை அழுத்த யாருக்கும் பொறுமை இல்லை. ரீட் ஹெட் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் என்ன ஆகும் என்பது எந்தப் பட்டியலிலும் வராது.

இன்னொன்று, பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குகள். சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குள் எந்த மாடல் இருக்கிறது என்பதே பெட்டியின் மேல் போட்டிருக்காது. பலவற்றில் யுஎஸ்பி இணைப்பை டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அந்தச் சொருகி ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் நேராக மாட்டவும் வழியில்லை. பழுது விகிதத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

எஸ்எம்ஆர் விவகாரமும் இப்படித்தான். ஓட்டு வேய்ந்ததுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி உட்காரும்படி எழுதும் முறை அது. இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்கென்று விற்ற ரெட் வகையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சிலவற்றில் இந்த முறை சத்தமில்லாமல் இருந்தது தெரியவந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டும் ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றிக் கட்டும்போது அவை நாள்கணக்கில் திணறின. பிறகு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பழைய சிஎம்ஆர் முறை டிஸ்க்குகளுக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். ஒருமுறை எழுதி, பலமுறை படிக்கும் வீட்டுப் படக் கிடங்குக்கு எஸ்எம்ஆர் ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் எது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

சரி, டிஸ்க் சாகும் முன் சொல்லிவிட்டுச் சாகுமா? 2007-இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதினார்கள். சோதனையில் முதல் படிப்புப் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் செத்தவற்றில் 56 சதவீதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தவை. பேக்பிளேஸ் 2016-இல் ஐந்து ஸ்மார்ட் எண்களை வைத்துப் பார்த்தபோது, செத்தவற்றில் 76.7 சதவீதத்தில் ஏதாவது ஒன்று பூஜ்யத்துக்கு மேல் இருந்தது. ஓடுபவற்றில் 4.2 சதவீதத்தில்தான் அப்படி. ஸ்மார்ட் குறை சொன்னால் உடனே நம்பலாம். வாயைத் திறக்கவில்லை என்பதற்காக நிம்மதியாகத் தூங்க முடியாது.

அக்காவிடம் போட்ட கணக்கு

மூன்றாவது வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"கம்பெனி பேரு எழுதியிருக்கியா?" என்றாள்.

"எழுதலைக்கா. முதல்ல இதைப் பாரு."

ஒற்றை டிஸ்க், அதில் மட்டும் எல்லாம் இருக்கிறது. வருடத்துக்கு 0.7 சதவீதம் பழுதாகும் அருமையான மாடல் என்றால், ஐந்து வருடத்தில் போகும் வாய்ப்பு 3.5 சதவீதம். 1.4 சதவீத சாதாரண மாடல் என்றால் 6.8. 3 சதவீத மோசமான மாடல் என்றால் 14.1. நல்லதைத் தேடி எடுப்பதில் லாபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது 3 சதவீத மோசமான டிஸ்க்கே இரண்டு வாங்கி, இரண்டிலும் அதே கோப்புகளை வைக்கிறோம். ஒன்று செத்தால் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துப் புதிது மாட்டிவிடுகிறோம். அந்த ஒரு மாதத்துக்குள் மற்றதும் சாக வேண்டும். அந்த வாய்ப்பு வருடத்துக்கு லட்சத்தில் 15. ஒற்றையாக நிற்கும் அருமையான டிஸ்க்குக்கு லட்சத்தில் 700.

"ரெண்டு மட்டமான டிஸ்க்கு ஒரு நல்ல டிஸ்க்கைவிட மேலா?"

"நாப்பத்தாறு மடங்குக்கும் மேல."

மாமா பக்கத்திலிருந்து கேட்டார்: "ரெண்டும் ஒரே சமயத்துல போகாதுன்னு யார் சொன்னா?"

சரியான இடத்தில் பிடித்தார். என் கணக்கு, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாகும் என்று வைத்துப் போட்டது. ஒரே நாள் தயாரான ஒரே மாடல் இரண்டு, ஒரே பிளக் பாயிண்டில், ஒரே மேசையில் இருந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். மின்னல், தண்ணீர், திருட்டு எதற்கும் அது தெரியாது. அதனால்தான் இரண்டு வேறு கம்பெனி, அதில் ஒன்று பெரும்பாலும் கழற்றியே இருக்க வேண்டும், மூன்றாவது ஒன்று வேறு வீட்டில். ரெய்டு பெட்டி வாங்கலாமா என்றும் கேட்டார். ஒரு ஃபோல்டரைத் தப்பாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிகிற ஏற்பாடு அது. டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக்கூடாத இடத்துக்கு நல்லது. இந்த வீட்டில் அப்படி அவசரம் யாருக்கும் இல்லை.

அந்தக் கணக்கில் எனக்கே உறைத்தது ‘ஒரு மாதம்’ என்ற இடம். ஒன்று செத்ததை ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் லட்சத்தில் 15 என்பது பன்னிரண்டு மடங்கு ஏறி 180-ஐத் தொடும். அலமாரியில் இரண்டு வருடமாகத் திறக்காமல் கிடக்கும் காப்பி உயிரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? எந்த மாடல் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதைவிட, மாதம் ஒருமுறை சொருகிப் பார்ப்பதில் அதிக லாபம் இருந்தது.

சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி பற்றி ஒரு வார்த்தை. அசையும் பாகம் இல்லாததால் கீழே விழுந்தால் பிழைக்கும், வேகமும் அதிகம். ஆனால் செத்தால் பெரும்பாலும் ஒரேயடியாகப் போகும். 41 மணி நேரம் கெஞ்சிக் கூத்தாடி எடுக்க விடாது. மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடப்பதும் அதற்கு அவ்வளவு பிடிக்காது. எழுதும் ஆயுளை முழுக்கத் தின்று தீர்த்தபின் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலை வைத்திருந்தால் போதும் என்பதுதான் சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் வைக்கும் அளவு. புதிது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் சும்மா கிடக்கப்போகும் காப்பிக்கு ஹார்ட் டிஸ்க்கையே எடுத்தேன்.

வாங்கியதும் பிறகும்

இரண்டு வேறு கம்பெனி, இரண்டும் 3.5 அங்குலம், 8 டெராபைட், சிஎம்ஆர், மூன்று வருட வாரண்டி. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் கம்பெனிச் சண்டையாகிவிடும். ஒன்றின் மாடல் குடும்பத்துக்குப் பட்டியலில் நல்ல எண், மற்றதற்குச் சுமார்.

வந்ததும் கோப்பு எதையும் போடவில்லை. டிஸ்க் முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படிக்கும் சோதனை. நொடிக்கு 160 மெகாபைட் சராசரி என்றால் 8 டெராபைட்டை ஒருமுறை எழுத 14 மணி நேரம், படிக்க இன்னொரு 14. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "புது டிஸ்க்குடா அது, எதுக்கு இப்படிப் போட்டு வதைக்கிற?" இரண்டாம் நாள் படிக்கும் சுற்றில், நல்ல எண் வைத்திருந்த டிஸ்க் காத்திருக்கும் செக்டர் 8 என்று காட்டியது. சாயங்காலம் 40. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கினேன். சுமார் எண் டிஸ்க் ஒரு முனகலும் இல்லாமல் தேறியது. இதை வைத்துப் பட்டியல் பொய் என்று சொல்ல முடியாது. ஒற்றை டிஸ்க், அவ்வளவுதான். ஆனால் சோதிக்காமல் அப்பாவின் பதிவுகளை அதில் போட்டிருந்தால், சத்தியமாக இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன்.

முதல் டிஸ்க் கம்ப்யூட்டரோடு இருக்கிறது. இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொருகி, காப்பி எடுத்து, கழற்றி வைக்கிறார்கள். மூன்றாவது, பூட்டுச்சொல் போட்ட 5 டெராபைட், என் வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும்போது எடுத்துப்போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றலாமே என்றான் அக்கா மகன். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 3.1 டெராபைட்டுக்கு இரவு பகலாக இரண்டு வாரம் ஆகும். பத்திரங்களும் அப்பாவின் பதிவுகளும் சேர்ந்து 40 ஜிபி, அதை மட்டும் ஏற்றியிருக்கிறது. கோப்புகளின் செக்சம் பட்டியலை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது அவன் வேலை. ஒரு கோப்பில் ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கைரேகை அது. இரண்டு மாதம் மறந்துபோனான், மூன்றாவது மாதம் நான் கேட்டபின் செய்தான்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. டிஸ்க் எதுவும் சாகவில்லை. ஆனால் 19-ஆவது மாதம் இடம் பத்தவில்லை என்று, இரண்டு தடவை இருப்பதாக நினைத்து, ஒரு வருடத்துப் படங்களை அப்படியே அழித்துவிட்டான் அக்கா மகன். ஞாயிற்றுக்கிழமை காப்பி ஓடி, இரண்டாவது டிஸ்க்கிலும் அது அழிந்துபோனது. செக்சம் பட்டியலில் 2,214 கோப்பு காணோம் என்று வந்தபோதுதான் தெரிந்தது. என் வீட்டு டிஸ்க்கில் இருந்தது. அன்றிலிருந்து, அழித்த கோப்புகளைக் காப்பியிலும் உடனே அழிக்காமல் மூன்று மாதம் தனியே வைத்திருக்கும்படி காப்பி நிரலை மாற்றியிருக்கிறேன்.

போன வாரம் மூன்றையும் வரிசையாகச் சொருகிப் பார்த்தேன். காத்திருக்கும் செக்டர் மூன்றிலும் பூஜ்யம். செக்சமும் பொருந்தியது. அப்பாவின் அந்தப் பதிவை மூன்றிலிருந்தும் ஓடவிட்டேன். முதல் வேலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அதே ஒரு நொடி வெட்டு, மூன்றிலும் இம்மி பிசகாமல் அப்படியே இருந்தது.